மேலே பனிக்கட்டி, கீழே புழுக்கம்: உங்கள் ஐஸ்பெட்டிக்கு என்ன நோய்?

மேல் அறையில் மீன் கல்லாக உறைந்து கிடக்கிறது. கீழ்த் தட்டில் இரவு வைத்த பால் காலையில் திரிந்து நிற்கிறது. விளக்கு எரிகிறது, மோட்டார் உறுமுகிறது, ஆனால் குளிர் மட்டும் கீழே இறங்க மறுக்கிறது. வாசகர்களே, இந்தத் தொல்லை உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறதா?

வந்திருந்தால் அடுத்து நடப்பதை நானே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். "கேஸ் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்வார். கேஸ் நிரப்ப ஓர் ஆள் வருவார், பணத்தை வாங்கிக்கொண்டு போவார். பெட்டியும் நன்றாகக் குளிரும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மீண்டும் பழைய கதைதான்!

2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் அரிசி, பருப்பு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்பது குடும்பத் தலைவிகளுக்குத் தெரியும். அதில் ஒரு பகுதியைத் தேவையில்லாத ரிப்பேருக்குக் கொடுப்பது என்ன நியாயம்? ஆகவே பெட்டிக்குள் என்ன நடக்கிறது, எதை நாமே பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

லயத்துக்கு வந்த குளிர்

பேராக் மாநிலத்துக்கு மின்சாரம் வந்த கதை பழையது. கோலகங்சாருக்கு வடக்கே பேராக் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட செண்டரோ அணை 1930இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த மின்சாரம் முதலில் ஓடியது கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களுக்கு. ரப்பர் தோட்டத்து லயங்களுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. பல தோட்டங்களில் மாலையில் ஜெனரேட்டர் ஓடும். இரவில் ஒரு நேரத்தோடு நின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஐஸ்பெட்டி வைத்து என்ன பயன்? கடையில் வாங்கிய ஐஸ் கட்டியை மரத்தூளிலும் சாக்கிலும் சுற்றி வைத்த காலத்தைப் பாட்டிமார்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இன்று நிலைமை வேறு. தோட்டத்தில் இருப்பவர்களும் சரி, தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு புந்தோங், சுங்கை சிப்புட், கம்பார், பீடோர் பக்கம் குடியேறியவர்களும் சரி, ஐஸ்பெட்டி இல்லாமல் வீடு நடத்துவதில்லை. அது ஆடம்பரப் பொருள் என்ற காலம் போய்விட்டது. வீட்டில் நீரிழிவு நோயாளி இருந்தால் அது மருந்துப் பெட்டியும் ஆகிவிடுகிறது.

குளிர் என்பது என்ன?

பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு: குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. ஒரு பொருளில் உள்ள வெப்பத்தை வெளியே எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் குளிர். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படி? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஐஸ்பெட்டியும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது. குழாய்க்குள் ஓடும் ஒருவகைத் திரவம், பெட்டியின் உள்ளே ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்திப் பின்பக்கக் குழாய்களுக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. பெட்டியின் பின்புறமோ பக்கச் சுவரோ சூடாக இருப்பது அதனால்தான். அந்தச் சூடு உங்கள் பாலிலிருந்தும் குழம்பிலிருந்தும் எடுத்த சூடு!

இனிமேல்தான் முக்கியமான செய்தி. பெரும்பாலான இரண்டு கதவுப் பெட்டிகளில் குளிர் உண்டாவது ஒரே ஓர் இடத்தில்தான். மேல் அறையின் பின் சுவருக்குள் மறைந்திருக்கும் குழாய்ச் சுருள்தான் அந்த இடம். அதன் அருகே ஒரு சிறு காற்றாடி இருக்கிறது. அது குளிர்ந்த காற்றை மேல் அறையில் பரப்பி, அதில் ஒரு பங்கை ஒரு குறுகிய வழியாகக் கீழ் அறைக்கும் அனுப்புகிறது. கீழ் அறைக்கென்று தனிக் குளிர் கிடையாது. காற்று வந்தால்தான் அதற்குப் பிழைப்பு.

ஒற்றைக் கதவுள்ள பழைய வகைப் பெட்டியில் காற்றாடி இல்லை. மேலே உள்ள சிறு ஐஸ் அறையிலிருந்து குளிர்ந்த காற்று தானாகவே கீழே இறங்கும். கிந்தா பள்ளத்தாக்கில் விடியற்காலையில் பனி மூட்டம் தாழ்வான இடத்தில் போய்த் தங்குகிறதல்லவா? குளிர்ந்த காற்று கனமானது, அதனால் இறங்குகிறது. அதே விதிதான் இங்கேயும்.

ஆகவே மேல் அறை நன்றாக உறைந்து, கீழ் அறை மட்டும் சூடாக இருந்தால் கம்ப்ரசரும் கேஸும் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன என்று பொருள். கேஸ் குறைந்திருந்தால் மேல் அறையும் அல்லவா தளர்ந்திருக்கும்? ஐஸ்கிரீம் இளகும், ஐஸ் கட்டி பிடிக்காது. மேலே கல், கீழே சூடு என்றால் நோய் குளிரில் இல்லை. குளிர் போகும் பாதையில் இருக்கிறது.

நாமே செய்யும் ஆறு சோதனைகள்

முதலாவது: திருகியைப் பாருங்கள். குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியைப் பிள்ளைகள் திருப்பியிருக்கலாம், பாத்திரம் இடித்தும் நகர்ந்திருக்கலாம். சில பெட்டிகளில் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் தனித்தனித் திருகி உண்டு. மேல் அறைத் திருகியை மிக அதிகக் குளிரில் வைத்தால் சில வகைகளில் கீழே இறங்கும் காற்று குறைந்துவிடும். இரண்டையும் நடு அளவில் வைத்து ஒரு நாள் பாருங்கள்.

இரண்டாவது: காற்று வழியைப் பாருங்கள். கீழ் அறையின் பின்சுவரிலோ மேல் பகுதியிலோ சிறு துவாரங்கள் இருக்கும். அவற்றின் வாயில் சாம்பார்ச் சட்டியோ காய்கறிப் பையோ அடைத்துக்கொண்டு இருக்கிறதா? நம் வீடுகளில் இன்னொரு வழக்கம் உண்டு. தட்டு அழுக்காகக் கூடாதென்று பிளாஸ்டிக் விரிப்போ செய்தித்தாளோ விரித்துவிடுகிறோம். கம்பித் தட்டில் அப்படி விரித்தால் காற்று இறங்க வழியே இல்லை. ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்திய கூடம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஷீட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் இடம் விட்டுத்தானே தொங்கவிட்டார்கள்? நெருக்கிப் போட்டால் நடுவில் உள்ளவை உலராது. ஐஸ்பெட்டிக்கும் அந்த இடைவெளி வேண்டும். தீபாவளி வாரத்தில் கீழ் அறை குளிராமல் போவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

மூன்றாவது: கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் சரியாக ஒட்டவில்லை. கதவைச் சுற்றி நான்கு பக்கமும் இப்படிச் சோதியுங்கள். ஒட்டாத இடத்தின் வழியே நம் ஊர் ஈரக் காற்று உள்ளே நுழைந்து பனியாகப் படியும். ரப்பரைச் சோப்பு நீரால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கினாலே பாதிக் குறை தீரும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பெட்டியின் முன்பக்கம் ஓர் இம்மி உயர்ந்திருக்கும்படி காலைத் திருகி வைத்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

நான்காவது: காற்றாடியின் ஓசையைக் கேளுங்கள். பல பெட்டிகளில் கதவைத் திறந்தால் காற்றாடி நின்றுவிடும். கதவோரத்தில் உள்ள சிறு பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுங்கள். கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் மெல்லிய விர்ரென்ற ஓசை வரவேண்டும். காற்றும் முகத்தில் படவேண்டும். ஓசையே இல்லை என்றால் காற்றாடி மோட்டார் கெட்டிருக்கலாம். கரகரவென்று உராய்ந்தால் இறக்கையில் பனி இடிக்கிறது. புதுவகைப் பெட்டிகளில் பொத்தானும் இருக்காது. பெட்டி தன் நேரப்படி காற்றாடியை நிறுத்தி ஓட்டும். ஆகவே ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

ஐந்தாவது: மேல் அறையின் பின்சுவரைப் பாருங்கள். அங்கே வெண்பனி திட்டுத் திட்டாகப் படிந்திருக்கிறதா? அப்படியானால் குற்றவாளி பெரும்பாலும் அகப்பட்டுவிட்டான்! பனி படியாத வகைப் பெட்டி என்று நாம் வாங்கும் பெட்டியிலும் சுருளின்மேல் பனி படியத்தான் செய்யும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டியே ஒரு சிறு சூட்டுக்கம்பியை எரித்து அந்தப் பனியை உருக்கிவிடும். உருகிய நீர் குழாய் வழியாகப் பின்புறம் உள்ள தட்டில் விழுந்து, கம்ப்ரசரின் சூட்டில் ஆவியாகும். சூட்டுக்கம்பியோ, அதை முடுக்கும் நேரக்கருவியோ, உணர்கருவியோ கெட்டுவிட்டால் பனி உருகாது. நாளுக்கு நாள் பெருகிச் சுருளை முழுவதும் மூடிவிடும். காற்று நுழைய ஊசிமுனை இடமும் இராது. மேல் அறை சில நாள் தாக்குப்பிடிக்கும். கீழ் அறைதான் முதலில் பட்டினி கிடக்கும். காய்கறித் தட்டின் கீழே தண்ணீர் தேங்கினால், நீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

ஆறாவது: பெட்டியின் பின்புறத்தையும் மின்சாரத்தையும் பாருங்கள். பின்னால் கறுப்புக் குழாய்கள் தெரியும் வகையாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தூசியையும் ஒட்டடையையும் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கை நுழையும் இடம் வேண்டும். அடுப்போரத்தில் வைத்தால் பெட்டி இரவும் பகலும் உழைத்து அலுத்துவிடும். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு அளவில் வருகிறது. ஒரே நீட்டிப்புக் கம்பியில் ஐஸ்பெட்டி, ரைஸ் குக்கர், சுடுநீர்க் கெண்டி எல்லாவற்றையும் மாட்டினால் ஐஸ்பெட்டிக்குப் போகும் வலு குறையும், கம்பியும் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஐஸ்பெட்டிக்குச் சுவரில் தனிப் பிளக் கொடுங்கள்.

வெறுங்கையால் ஒரு வைத்தியம்

பனி அடைப்பு என்று சந்தேகம் வந்தால் காசு செலவில்லாத ஒரு வைத்தியம் இருக்கிறது. பொருள்களை வெளியே எடுத்து, ஐஸ் நிரப்பிய பெட்டியிலோ அண்டை வீட்டிலோ வையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். இரண்டு கதவுகளையும் முழுதாக 24 மணி நேரம் திறந்து போடுங்கள். கீழே பழைய துணிகளை விரித்துத் தண்ணீரை உறிஞ்சி எடுங்கள். தண்ணீர் படாத தூரத்தில் ஒரு மேசைக் காற்றாடியை வைத்துக் காற்று வீசச் செய்யலாம். மறுநாள் ஈரத்தைத் துடைத்துவிட்டு ஓடவிடுங்கள். மூன்று நான்கு மணி நேரம் வெறுமனே ஓடிக் குளிர்ந்த பிறகு பொருள்களை வையுங்கள்.

இனி நடப்பதைக் கவனித்தால் நோய் தெரிந்துவிடும். பல மாதம் நன்றாக ஓடினால், கதவு சரியாக மூடாததோ சூடான சோற்றை ஆவியோடு உள்ளே வைத்ததோ காரணமாக இருந்திருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் மீண்டும் கீழ் அறை சூடானால், பனி உருக்கும் உறுப்புகளில் ஒன்று கெட்டுவிட்டது. பனி முழுதும் உருகிய பின்னும் கீழே காற்றே வரவில்லை என்றால் காற்றாடியோ, காற்று வழியைத் திறந்து மூடும் சிறு கதவோ பழுது.

கேஸ் நிரப்பிய பின் இரண்டு வாரம் ஓடிய மர்மமும் இப்போது விளங்குகிறதா? வேலை நடந்த நேரம் முழுவதும் பெட்டி நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே இருந்த பனி உருகியது. பேர் கேஸுக்குப் போயிற்று!

இவற்றைச் செய்யாதீர்கள்

கத்தி, கரண்டிக்காம்பு, ஸ்க்ரூ டிரைவர் எதனாலும் பனியைக் குத்தாதீர்கள். சுருள் மெல்லிய உலோகத்தால் ஆனது. ஒரு சிறு துளை விழுந்தால் அப்போது உண்மையாகவே கேஸ் போய்விடும். பல பெட்டிகளுக்கு அதோடு ஆயுள் முடிந்தது.

கேஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பெட்டிகளில் ஆர்-12 என்ற வாயு இருந்தது. அது தீப்பிடிக்காது, ஆனால் வானத்தில் நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அரித்தது. 1987இல் மொண்ட்ரியால் நகரில் உலக நாடுகள் கூடி அதை ஒழிக்க உடன்பாடு செய்தன. மலேசியா 1989இல் அதில் சேர்ந்தது. இன்று வரும் பல புதிய பெட்டிகளில் ஆர்-600ஏ என்ற வாயு இருக்கிறது. ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். எந்த வாயு என்பது பெட்டியில் ஒட்டிய தகட்டில் எழுதியிருக்கும். குழாயை அறுப்பதும் ஒட்டுவதும் முறையாகப் பயின்றவர் செய்ய வேண்டிய வேலை. பின்சுவர் மூடியை நாமே கழற்றுவதும் வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கினால் உடனே திரும்ப மாட்டாதீர்கள். ஐந்து நிமிடமாவது பொறுங்கள். இல்லாவிட்டால் கம்ப்ரசர் திணறும். ஈரக் கையோடு பிளக்கைத் தொடவே கூடாது.

உணவும் மருந்தும்

கீழ் அறை 4 டிகிரி செல்சியஸ் அளவிலும், மேல் அறை கழித்தல் 18 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். ஒரு சிறு வெப்பமானியை வாங்கி ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுக் கீழ் அறையில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள்.

மின்சாரம் நின்றால் மூடிய கீழ் அறை ஏறக்குறைய 4 மணி நேரம் குளிரைக் காக்கும். நிரம்பிய மேல் அறை 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும். கதவைத் திறந்து திறந்து பார்த்தால் இந்தக் கணக்குப் பொய்த்துவிடும். கீழ் அறை சூடாகி வெகுநேரம் ஆகிவிட்டால் இறைச்சி, மீன், பால், தேங்காய்ப்பால் கலந்த குழம்பு, சமைத்த சோறு ஆகியவற்றை மனம் துணிந்து கொட்டிவிடுங்கள். "வாடை இல்லையே, சூடு பண்ணினால் போகும்" என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் எல்லாம் வாடையோடு வருவதில்லை. சில கிருமிகள் விட்ட நஞ்சு கொதிக்க வைத்தாலும் போவதில்லை.

இன்சுலின் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடும் ஆகாது, உறைதலும் ஆகாது. காற்றுத் துவாரத்தின் வாயிலும் மேல் அறையிலும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் போடக்கூடாது. பெட்டி பழுதானால் மருந்தை உடனே உறவினர் வீட்டுக்கு மாற்றுங்கள். அது சூட்டில் கிடந்திருந்தால் கிளினிக்கில் கேட்டு வேறு வாங்குங்கள். பார்வைக்குத் தெளிவாக இருக்கும் மருந்தும் வலுவிழந்திருக்கலாம்.

ரிப்பேர்காரரிடம் என்ன சொல்வது?

"பெட்டி கெட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னால் அவர் சொல்வதே வேதமாகிவிடும். ஒரு தாளில் எழுதி வையுங்கள்: பெட்டி எத்தனை ஆண்டு பழையது, மேல் அறை உறைகிறதா, காற்றாடி ஓசை கேட்கிறதா, பின்சுவரில் பனி இருக்கிறதா, 24 மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு எத்தனை நாள் நன்றாக ஓடியது. இவ்வளவையும் சொன்னால் நேர்மையான தொழிலாளி மகிழ்ந்து போவார், ஏமாற்ற நினைப்பவர் யோசிப்பார். வேலைக்கு முன்பே விலையைக் கேளுங்கள். கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள். ரசீதும், எத்தனை நாள் உத்தரவாதம் என்ற எழுத்தும் பெறுங்கள்.

அப்படியும் ஏமாற்றப்பட்டால் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை வழக்காடலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ரசீது இருந்தால்தான் உங்கள் பேச்சுக்கு வலு.

கடைசியாக ஒன்று. பழுதாகிப்போன பெட்டியைச் சிலர் கொல்லையில் போட்டுவிடுகிறார்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே புகுந்து கதவு சாத்திக்கொண்டால் மூச்சு முட்டிவிடும். வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய கொக்கிக் கதவுகளால் பிள்ளைகள் பலர் இறந்ததால், அமெரிக்காவில் 1956இல் அதற்கென்றே சட்டம் இயற்றினார்கள். இன்றைய காந்தக் கதவாக இருந்தாலும், தூக்கிப் போடுமுன் கதவைக் கழற்றிவிடுங்கள்.

இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் முதல் மூன்று சோதனைகளை மட்டும் செய்து பாருங்கள். திருகி, காற்று வழி, கதவு ரப்பர். கால் மணி நேரம்கூட ஆகாது. மேல் வகுப்புப் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். தாளைக் கதவிடுக்கில் வைத்து இழுக்கும் வேலையை அதனிடம் கொடுங்கள். அறிவியல் பாடத்தில் படித்ததை அது வீட்டுச் சமையலறையில் பார்த்துக்கொள்ளும்.